கோட்டில் விழுந்த பள்ளம்

நிதானத்தின் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் திறப்பது மருமகள்தான். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, வாசலுக்கு வந்து சேர்வதற்குள் வந்தவர் வேறு ஜோலி பார்க்கப் போய்விடுவார். காப்புரிமை அலுவலகத்தில் வாழ்நாள் முழுக்க விண்ணப்பங்களைச் சோதித்து ஓய்வு பெற்ற மனிதர். நிதானம் என்பது அங்கே கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். மருமகளுக்கு அவராகவே வைத்த பெயர் அவசரம். அவள் தொலைபேசியும் வானொலியும் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தவள். கணவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டு வருகிறவர்களின் சிக்கலை மாமனாரோடு சேர்ந்து அவிழ்ப்பதில்தான் அவள் பொழுது போனது.

அன்று காலை வந்தது ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. உள்ளே வந்த பிறகும் உட்காரவில்லை.

"ஐயா, செத்துப்போனவர் திருடலைன்னு நிரூபிக்க முடியுமா?"

"முதல்ல உட்காருங்கம்மா. நின்னுக்கிட்டுச் சொல்ற விஷயமா இது?" என்றார் நிதானம்.

உட்கார்ந்தாள். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு அந்த அம்மாள் சொல்லத் தொடங்கினாள்.

"என் வீட்டுக்காரர் ஃபில்டர் செய்யறவர். போன் டவர்ல வைப்பாங்களே, அந்தப் பெட்டி."

மருமகளின் வாய் சும்மா இருக்குமா? "தெரியும்க்கா. காத்துல ஆயிரம் சிக்னல் வரும். நமக்கு வேண்டியதை மட்டும் உள்ள விட்டுட்டு மத்ததை வாசல்லயே நிறுத்திடும்."

"அதேதான்மா. அதைப் பாதி அளவுல செய்ய ஒரு வழி கண்டுபிடிச்சார். ஒரே ஒரு மாதிரிப் பெட்டி, அவர் கையாலயே செஞ்சது. கையாலன்னு சொல்றேன், ஆனா அந்தக் கை அப்பவே நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. ஃபேக்டரில யாருக்கும் தெரியாது. லீவு நாள்ல பெட்டியை வீட்டுக்குக் கொண்டாருவார். அவர் சொல்லுவார், நான் திருகுவேன். மூடியில மூலைத் திருகு ஒண்ணு இருக்கு, அதை மட்டும் விரலாலதான் முடுக்கணும்பார். ஸ்க்ரூ டிரைவர் வச்சு முடுக்கினா மரை பிஞ்சுடுமாம். நான் நகத்தால முடுக்கறதைப் பார்த்துச் சிரிப்பார்."

அவளும் லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு எங்கோ போய்விட்டது.

அப்படி ஒரு விடுமுறை நாளில்தான் அது நடந்திருக்கிறது. சாயங்காலம் எல்லாத் திருகுகளையும் அவள் முடுக்கிப் பெட்டியை அலமாரியில் வைத்தாள். மறுநாள் விடியும்போது அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது. வாரக்கணக்கில் மருத்துவமனை. அவள் அங்கேயே தங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்தபின்னும் அவர் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். அதன் பிறகு முதலாளி அந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஒன்றரை வருடம் போயிற்று. ஒரு பெரிய நிறுவனத்தின் விண்ணப்பம் வெளியானது. அதே பெட்டி, அதே வழி. அவர் மருத்துவமனையில் கிடந்தபோதே முந்திக்கொண்டு தாக்கல் செய்திருந்தார்கள்.

"முதலாளி அந்தப் பேப்பரைத் தூக்கிக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்துட்டார். விழறதுக்கு முன்னாடியே இவர் வித்துட்டாராம், எழுதித் தாக்கல் பண்ண அவங்களுக்கு நாளாச்சாம். கட்டில் பக்கத்துல நின்னு கத்தினார். பேப்பரை இவர் முகத்துக்கு நேரா நீட்டினார். இவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கதவுப் பக்கம் பார்த்தார், வெளியே போன்னு சொல்ற மாதிரி. 'நீங்கதானே குடுத்தீங்க?'ன்னு முதலாளி கேட்டார்." அவள் நிறுத்தினாள். "ஆமான்னு தலையை ஆட்டிட்டார் ஐயா."

மருமகள் விசுக்கென்று நிமிர்ந்தாள். "நோயாளிங்க தலையாட்டறதை எல்லாம் கணக்குல எடுத்துக்க முடியுமாக்கா?"

"இல்லம்மா. தண்ணி வேணுமா, வெளிச்சம் கண்ணைக் குத்துதா, எல்லாத்துக்கும் சரியாத்தான் ஆட்டுவார். அவர் ஆமான்னா ஆமாதான். அடுத்த மாசமே போயிட்டார். ஃபேக்டரியில இருந்து ஒருத்தரும் வரல."

"இப்ப உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார் நிதானம்.

"என் மக, ஐயா. ஒரே பொண்ணு. அளந்து பார்த்துக் குடுக்கற ஒரு டெஸ்டிங் லேப்ல நல்ல வேலை. அதையும் அப்பாவுக்காக விட்டுட்டு, கடைசி மாசம் பூரா அவர் காலடியிலயே கிடந்தா. ஆனா இப்ப அவர் படத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேங்கறா. அப்பா திருடிட்டார்னு அவளும் நம்பிட்டா போல. ஊர் ஆயிரம் பேசட்டும், நான் தாங்கிக்குவேன். பெத்த பொண்ணு நம்பக் கூடாது ஐயா."

அவள் போன பிறகு மருமகள் ஒரே மூச்சில் வழக்கை முடித்துவிட்டாள். "கூட வேலை பார்த்த ஆள் ஒருத்தர் இருப்பார் மாமா. அவர்தான். எழுதி வச்சுக்கோங்க."

"அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்லுவாங்க. அவசரக்காரிக்கு எப்படியோ, தெரியல," என்றார் நிதானம், செருப்பைத் தேடியபடி.

தொழிற்சாலை பெரியதல்ல. நீண்ட மேசைகள், திருகு போட்ட டப்பாக்கள், உலோகத்தூளும் எண்ணெயும் கலந்த வாடை. முதலாளி கனத்த உடம்பும் சிவந்த கண்களுமாக இருந்தார். வந்த காரணத்தைச் சொன்னதுமே குரலை உயர்த்தினார்.

"நான் அவரை அண்ணன்னு கூப்பிட்டவன் சார். என் கல்யாணத்துல எனக்குப் பக்கத்துல நின்னவர். வேற எவன் பண்ணியிருந்தாலும் கேஸ் போட்டுட்டுப் போயிருப்பேன். அவரே ஆமான்னுட்டாரே, அப்புறம் என்ன விசாரணை?"

கோபத்தில் கத்துகிறாரா, அழ முடியாமல் கத்துகிறாரா என்று மருமகளுக்குப் புரியவில்லை. நிதானம் அதைக் கேட்காதவர்போல் அந்தப் பெரிய நிறுவனத்தின் விண்ணப்ப நகலை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வரைபடம் ஒன்றில் வந்து நின்றார். எந்தச் சிக்னல் உள்ளே போகும், எது நிற்கும் என்று காட்டும் கோடு அது. மேசைபோலத் தட்டையாகப் போய், வலது ஓரத்துக்குச் சற்று முன்னால் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்து, பிறகு சரிந்தது.

"இந்தப் பள்ளத்தைப் பத்தி இவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படிம்மா."

மருமகள் படித்தாள். குறுகிய ஓர் அலைவரிசையைத் தானாகவே தடுத்துவிடும் இந்தப் பள்ளம், இந்தக் கண்டுபிடிப்பின் தனிச்சிறப்பு என்று எழுதியிருந்தது.

"அவர் கடைசியா அளந்த படம் இருக்குமா?" என்று நிதானம் கேட்டார்.

இறந்தவரோடு வேலை பார்த்தவர் அதை எடுத்துவந்தார். எல்லோரும் சின்னவர் என்று கூப்பிடும் ஒல்லியான மனிதர். அவர் கொண்டுவந்த படத்தில் கோடு ஓரம்வரை தட்டையாகப் போனது. பள்ளமே இல்லை. பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போன வாரத்தில் எடுத்த படம்.

"அந்த கம்பெனி பேப்பரை நீங்க பார்த்ததில்லையா?"

"யார் சார் எனக்குக் காட்டினா? முதலாளி அன்னைக்கிருந்து எங்க எல்லாரையுமே சந்தேகமாத்தான் பார்க்கறார்." சின்னவர் நகலை வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "சார், இந்தப் பள்ளம் எனக்குத் தெரியும்."

மருமகள் மாமனாரை வெற்றிப் பார்வை பார்த்தாள்.

"அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தப்புறம், நான் போய் பெட்டியை எடுத்துட்டு வந்தேன். அளந்து பார்த்தா இதே பள்ளம். என்னடான்னு தேடினா, மூடியில மூலைத் திருகு சும்மா சுத்துது. மரை தேஞ்சு போயிருந்தது. அங்க மூடி சரியா உட்காராம சிக்னல் கசியுது. புதுசா மரை வெட்டி கொஞ்சம் பெரிய திருகு போட்டேன், சரியாயிடுச்சு. வேணும்னா பாருங்க."

அவர் மாதிரிப் பெட்டியை அளவுக்கருவியில் இணைத்தார். திரையில் கோடு தட்டையாக நின்றது. மூலைத் திருகைத் தளர்த்தினார். வலது ஓரத்துக்குச் சற்று முன்னால், நகலில் இருந்த அதே இடத்தில், கோடு குழிந்தது. முதலாளி பக்கத்தில் வந்து குனிந்து திரையைப் பார்த்தார்.

"திருடினவங்க பெட்டியோட பழுதையும் சேர்த்துத் திருடியிருக்காங்க," என்றார் நிதானம். "பழுதுன்னு தெரியாம அதுக்கும் உரிமை கேட்டிருக்காங்க."

"அப்படின்னா மரை போன பிறகு பெட்டியைத் தொட்டது இவர் ஒருத்தர்தானே மாமா!" மருமகள் சின்னவரை நோக்கி விரலையே நீட்டிவிட்டாள். அவர் பாவம், ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"தாக்கல் செஞ்ச தேதியைப் பாரும்மா."

பார்த்தாள். நோயாளி அப்போது மருத்துவமனையில்தான் இருந்தார். சின்னவர் பெட்டியை எடுக்கப் போனது அதற்கு வெகு நாள் கழித்து. விரலை மடக்கிக்கொண்டாள்.

"சாரிங்க," என்று சின்னவரிடம் சொன்னாள். ஆனால் மனது நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. "அப்ப இங்க நடக்கல. பெட்டி இங்கேருந்து போறப்ப நல்லா இருந்தது. அவர் விழுந்ததுக்கு முந்தின சாயங்காலம் அக்கா எல்லாத் திருகையும் முடுக்கினாங்க. சின்னவர் போய் எடுக்கறப்ப மரை போயிருக்கு. நடுவுல பெட்டி எங்க இருந்தது? வீட்டு அலமாரியில. அக்கா ஆஸ்பத்திரியில. அப்ப வீட்டுல இருந்தது..."

இப்படிச் சரியாகக் கண்டுபிடித்ததற்காக அவள் இதற்குமுன் வருத்தப்பட்டதே இல்லை. நிதானம் நகலை மடித்துப் பையில் வைத்தார்.

"நாளைக்கு மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் அவங்க வீட்டுக்கு வரணும்," என்று முதலாளியிடம் சொன்னார்.

வீட்டு வாசலில் வந்து நின்றுதான் மருமகள் கேட்டாள். "இதை அந்த அக்காகிட்ட எப்படி மாமா சொல்றது? அந்தப் பொண்ணு நம்பணும்னுதானே நம்மகிட்ட வந்தாங்க?"

"அவர் திருடலைன்னு மட்டும் சொல்லுவேன். கேட்டது அதைத்தானே."

"மீதி?"

"மீதி நம்மளோடது இல்லம்மா."

மறுநாள் அந்தச் சின்னக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கட்டில் கிடந்த இடம் வெறுமையாக இருந்தது. சுவரில் அவர் படம். மகள் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கொடுத்துவிட்டு உள்ளறைக் கதவோரம் போய் நின்றாள். உட்காரச் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்தாள்.

நிதானம் இரண்டு படங்களையும் மேசையில் விரித்தார். ஒன்றில் பள்ளம், ஒன்றில் இல்லை. மூலைத் திருகையும், மரையையும், தேதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். அந்த அம்மாள் ஒரு வார்த்தையையும் விட்டுவிடாமல் கேட்டாள்.

"ஆக, அந்த கம்பெனிக்குப் போனது இவர் விழுந்த பிறகு அளந்த படம். கை கால் விளங்காம, பேச்சில்லாம ஆஸ்பத்திரியில கிடந்தவர் அதை அளந்திருக்கவும் முடியாது, குடுத்திருக்கவும் முடியாது. இவர் திருடல. இதை வச்சு நீங்க அந்த விண்ணப்பத்தை எதிர்க்கலாம், சார். அவங்க தனிச்சிறப்புன்னு சொல்ற பள்ளம், ஒழுங்காச் செஞ்ச எந்தப் பெட்டியிலயும் வராது."

முதலாளி எழுந்தார். படத்துக்கு முன்னால் போய் நின்றார். கும்பிடக் கையைத் தூக்கினார், பிறகு அதே கையால் முகத்தை மூடிக்கொண்டார். "அண்ணே," என்றார். அவ்வளவுதான் வந்தது. சின்னவர் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"கேட்டியாம்மா?" என்று அந்த அம்மாள் மகளைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது, கண்ணீர் வழிந்தது. "அப்பா பண்ணல. கேட்டியா? நான் சொன்னேன்ல?"

மகள் அசையவில்லை. மருமகளுக்கு அங்கே இருக்கவே முடியவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

முதலாளிதான் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். "அப்புறம் ஏன் சார் ஆமான்னு தலையாட்டினார்? செய்யாத ஒண்ணுக்கு ஒரு மனுஷன் ஏன் ஆமாங்கணும்?"

நிதானம் தேநீரைக் கையில் எடுத்தார். குடிக்காமல் திரும்ப வைத்தார். "அது எனக்குத் தெரிய வேண்டியதில்லை, சார்."

"எனக்குத் தெரியும்," என்றாள் மகள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்தப் பேப்பரை நீட்டினதும் அப்பா பள்ளத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா, அது மூலைத் திருகுன்னு? வீட்டுல வச்சு மரை போயிருக்குன்னு பார்த்த உடனே புரிஞ்சிருக்கும். அம்மா டிரைவர் போட மாட்டாங்கன்னும் தெரியும். அப்புறம் கதவைப் பார்த்தார். வெளியே போன்னு சொல்லலம்மா. நான் கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். என்னைத்தான் பார்த்தார்."

அம்மாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. அது போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்பா பிழைக்க மாட்டார்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கல்ல? சூட்டுலயும் சரியா வேலை செய்யுதான்னு ஒரு தடவை அளந்துட்டா போதும், தாக்கல் பண்ணிடலாம்னு அவர் அடிக்கடி சொல்லிக்கிட்டிருந்தார். அதை முடிச்சுட்டா, கண்ணை மூடறதுக்குள்ள அவர் பேர்ல தாக்கல் பண்ணிடலாமேன்னு நினைச்சேன். பெட்டியை எங்க லேபுக்கு எடுத்துட்டுப் போனேன். உள்ள பார்க்கணும்னு மூடியைக் கழட்டினேன். திருப்பி முடுக்கறப்ப டிரைவரைப் போட்டு முடுக்கிட்டேன். எனக்குத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து செய்யறப்ப நான் எங்கம்மா கவனிச்சேன்? எங்க மேனேஜர் வந்து பார்த்தார். எங்கப்பா கண்டுபிடிச்சதுன்னு பெருமையாச் சொன்னேன். எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டார். எல்லாத்தையும் சொன்னேன். படத்துல ஒரு காப்பி கேட்டார், குடுத்தேன். அது எங்க போச்சுன்னு, இந்தப் பேப்பர் வந்தப்பதான் தெரிஞ்சது. அந்த வாரமே வேலையை விட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாப்பா!" என்று சின்னவர் பதறினார்.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சித்தப்பா. அதுக்குள்ள அப்பா தலையாட்டிட்டார். அப்புறமும் என்னையே பார்த்து, வேண்டாம்னு தலையாட்டினார். ரெண்டாவது ஆட்டினதை யாருமே கவனிக்கல." அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நான் வாயை மூடிக்கிட்டேன். அவர் செத்த பிறகும் மூடிக்கிட்டேதான் இருந்தேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார் மனிதர். மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி மெதுவாக எழுந்தார். "கண்டுபிடிச்சவர்னு அவர் பேர் இருக்கும்மா. அது என் பொறுப்பு," என்றார். பெண்ணின் தலைமேல் கையை வைத்துவிட்டுச் சின்னவரோடு வெளியே போனார்.

நிதானமும் எழுந்தார். அப்போதுதான் அந்த அம்மாள் பேசினாள்.

"ஒன்றரை வருஷம் அவருக்கு நான்தான் ஊட்டினேன், நான்தான் துடைச்சேன். அவர் கண்ணை வச்சே எல்லாம் தெரிஞ்சுக்குவேன்னு பீத்திக்கிட்டிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் என் முன்னாடியே பேசிக்கிட்டீங்க. எனக்குத் தெரியலையே."

"அம்மா..."

"இரு." அவள் நிதானத்தின் பக்கம் திரும்பினாள். "அவர்கிட்ட அப்ப மிச்சம் இருந்தது பேர் ஒண்ணுதான் ஐயா. கையில்ல, காலில்ல, பேச்சில்ல. இருந்த அந்த ஒண்ணையும் இவளுக்குன்னு குடுத்துட்டுப் போயிட்டார். நான் ஊரெல்லாம் அலைஞ்சு அதைத் திருப்பி வாங்கிட்டு வந்திருக்கேன். இவகிட்ட இருந்து பிடுங்கிட்டேனா ஐயா?"

நிதானம் மகளைப் பார்த்தார்.

மகள்தான் சொன்னாள். "பிடுங்கலம்மா. அதை என்னால தூக்கவே முடியல."

அந்த அம்மாள் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் இருந்தது, அது சீக்கிரம் போகிற கோபமும் அல்ல. ஆனாலும் பாயின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். மகள் வந்து உட்கார்ந்தாள். அப்பா போன நாளிலிருந்து அழாமல் வைத்திருந்ததை அப்போதுதான் அழுதாள்.

மருமகள் தேநீர்க் கோப்பைகளை எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள். பிறகு மாமனாரின் செருப்பைத் தேடி எடுத்து வாசலில் போட்டாள்.